சீனர் நம்மைப் பார்க்கும் பார்வை, நாம் அவர்களைப் பார்க்கும் பார்வை: நடுவில் நிற்பது யார்?

#1 வடகரை செழியன் (இழை தொடங்கியவர்)

சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவன் நான். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன், தெரிந்தவர்கள் பேசுங்கள்.

என்னோடு பழகிய சீன மாணவர்களுக்கு இந்தியா என்றால் இரண்டு பிம்பங்கள்தான். ஒன்று ஆமிர் கான். 2017இல் 'தங்கல்' அங்கே வெளியாகி 100 கோடி யுவானுக்கு மேல் வசூல் செய்தது. மகளைக் கசக்கிப் பிழிந்து ஜெயிக்க வைக்கும் அப்பா அவர்களுக்கு அந்நியரே இல்லை, காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. இன்னொன்று கைபேசியில் சுற்றும் வீடியோக்கள்: சாக்கடை ஓரத்தில் பலகாரம் போடுகிறவர், கூரைமேல் ஆள் உட்கார்ந்து போகும் ரயில். அந்த ரயில்களில் பல பங்களாதேஷ் ரயில்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அடுத்த மாதம் அதே வீடியோவை மறுபடியும் காட்டுவார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் இங்கே பெரியம்மாவிலிருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வரை எல்லோருக்கும் ஒரே கேள்விதான், பாம்பு தின்றாயா, வவ்வால் தின்றாயா.

ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் என்று பேச்சு வந்தால் நானும் அவர்களும் ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசுவோம். லண்டன் தெருப்பெயர்கூட இரண்டு தரப்புக்கும் தெரியும். சண்டை வந்தாலும் அதேதான். அவர்கள் அதிவேக ரயிலையும் வானளாவிய கட்டடங்களையும் காட்டுவார்கள், நாங்கள் ஜனநாயகத்தையும் ஆங்கிலத்தையும் காட்டுவோம். யார் மேற்கை எட்டிப் பிடித்தது என்பதுதான் இரண்டு பக்கமும் போட்டி. அடுத்த வீட்டுக்காரனை நேராகப் பார்க்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போனது எப்படி?

#2 ஏட்டுச்சுவடி

செழியன், இதற்கு 1841 வரை போக வேண்டும்.

முதல் அபினிப் போர் 1839இலிருந்து 1842 வரை நடந்தது. அந்த அபினி பீகாரிலும் காசிப் பக்கத்திலும் கும்பினியின் மேற்பார்வையில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போய், அங்கிருந்து கப்பலேறியது. அதற்காகச் சண்டை போடப் போன படையிலும் இந்தியச் சிப்பாய்கள் கணிசமாக இருந்தார்கள். நம் சென்னை மாகாணத்தின் 37ஆம் காலாட்படையும் போனது. 1841 மே மாதக் கடைசியில் குவாங்சோவுக்கு வடக்கே சான்யுவான்லி என்ற இடத்தில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் கம்புமாகத் திரண்டு பிரிட்டிஷ் படையை மறித்தார்கள். பேய் மழை. சென்னைப் படையின் ஒரு கம்பெனி மற்றவர்களிடமிருந்து பிரிந்து வயல்வெளியில் மாட்டிக்கொண்டது. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை மட்டும் நீட்டிக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்தபடி சதுரமாக அணிவகுத்து நின்றார்கள், ஆள் வந்து மீட்கும் வரை. சீனர்களுக்கு அது அந்நியரை எதிர்த்துச் சாதாரண மக்கள் எழுந்த நாள், நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் அதை யார் நினைக்கிறோம்?

அதோடு முடியவில்லை. 1880களிலிருந்து ஷாங்காயின் பிரிட்டிஷார் ஆதிக்கப் பகுதியில் சீக்கியர்களைப் போலீசாக வைத்தார்கள். தடியோடு நிற்கும் தலைப்பாகைக்காரர், ரிக்‌ஷாக்காரனை விரட்டுகிறவர், அவர்தான் நகரத்துச் சீனர்கள் தினமும் பார்த்த இந்தியர். 1925 மே 30 அன்று நான்ஜிங் சாலையில் மாணவர்களும் தொழிலாளர்களும் திரண்டபோது பிரிட்டிஷ் அதிகாரி உத்தரவு கொடுக்க, சீக்கியக் காவலர்களும் சீனக் காவலர்களும் சேர்ந்து சுட்டார்கள். சீனாவையே உலுக்கிய சம்பவம் அது. சீன இணையத்தில் இன்றைக்கும் இந்தியரைக் கேவலமாகக் குறிக்கப் புழங்கும் வசைச்சொல் அந்தப் போலீஸ்காரருக்கு வைத்த பட்டப்பெயரிலிருந்து வந்ததுதான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுதல். 1900இல் சீனாவில் அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்சர் கிளர்ச்சியை ஒடுக்கப் போன 7ஆம் ராஜபுத்திரப் படையில் கதாதர் சிங் என்று ஒருவர் இருந்தார். அங்கே கழித்த பதின்மூன்று மாதங்களை இந்தியில் புத்தகமாக எழுதி 1902இல் வெளியிட்டார். வெளிநாட்டுப் படைகள் அடித்த கொள்ளையையும் கொலையையும் பார்த்து மனம் நொந்து, இவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தானே, இவர்கள் கதியும் நம் கதியும் ஒன்றுதானே என்ற ரீதியில் எழுதியிருக்கிறார். சீருடை மேற்கினுடையது, கண் அவருடைய சொந்தக் கண்.

#3 பாலாற்றங்கரை

அருமையான பதிவு ஏட்டுச்சுவடி ஐயா. நேராகப் பார்த்தவர்களும் நிறைய உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) நம் காஞ்சிபுரம் வரை வந்து எழுதிவைத்தார். 1281இல் சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலில் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தார்கள், கீழே ஒரு வரி சீனம். இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409ஆம் வருடத்துக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் இருக்கிறது. பின்னாளில் தாகூர் 1924இல் சீனா போய் ஆசியாவின் ஆன்மாவைப் பற்றிப் பேசினார், 1937இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்தார். ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் 1938இல் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவரான கோட்னிஸ் அங்கேயே உயிர்விட்டார். நடுவில் மேற்கு வந்திராவிட்டால் இந்த உறவு வேறு மாதிரி வளர்ந்திருக்கும்.

#4 மேட்டுத்தெரு டீச்சர்

பாலாற்றங்கரை, தாகூர் விஷயத்தில் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம்.

1924இல் அவரை அழைத்தது சீன அறிஞர் லியாங் சிச்சாவும் நண்பர்களும். மரியாதைக்குக் குறைவில்லை, பெய்ஜிங்கில் அவர் பிறந்தநாளைக்கூடக் கொண்டாடினார்கள். ஆனால் அதே ஊரில் இளைஞர்கள் அவர் கூட்டத்தில் துண்டறிக்கை கொடுத்து எதிர்த்தார்கள், சில சொற்பொழிவுகளை அவர் ரத்து செய்ய வேண்டி வந்தது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சென் துசியூ அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஏன்? மேற்கு பொருளைத் தேடுகிறது, கிழக்கு ஆன்மாவைத் தேடுகிறது, நம் பழைய செல்வத்தை விட்டுவிடாதீர்கள் என்று தாகூர் சொல்கிறார். கேட்கிற பிள்ளைகளோ 1919 மே நான்கு இயக்கத்தில் தெருவுக்கு வந்தவர்கள். எங்களுக்கு வேண்டியது அறிவியலும் ஜனநாயகமும் என்று முழக்கமிட்ட தலைமுறை. ஊரில் ராணுவத் தளபதிகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்துவைத்து அடித்துக்கொள்கிறார்கள், ஷாங்காயில் வெள்ளைக்காரனுக்குத் தனிக் கோர்ட்டு தனிப் போலீஸ். பெண்களின் கால்களைச் சின்ன வயதிலேயே ஒடித்துக் கட்டிய வழக்கம் கிராமங்களில் இன்னும் சாகவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் போய்ப் பழம்பெருமை பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? தாகூர் பெரிய மனிதர், தேசவெறியைப் பற்றி அவர் எச்சரித்தது ஒவ்வொன்றும் பலித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன்.

இதை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். தாகூர் சீனா போய் வந்த மறுவருடம், 1925இல், பெரியார் குடிஅரசு தொடங்குகிறார், சுயமரியாதை இயக்கம் கிளம்புகிறது. சாஸ்திரம், சடங்கு, பிறப்பால் உயர்வு தாழ்வு எல்லாவற்றையும் பகுத்தறிவுக் கேள்விக்கு இழுக்கிறார். அங்கே எழுத்தாளர் லூ ஷுன் 1918லேயே பழைய ஒழுக்க ஏற்பாடு மனிதனை மனிதன் தின்பதுதான் என்று கதை எழுதிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் படித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வலி ஒரே மாதிரி இருந்தது, அதனால் கேள்வியும் ஒரே மாதிரி வந்தது. இரண்டு பேரையும் மேல்நாட்டு மோகம் பிடித்தவர்கள் என்று திட்டவும் ஆள் இருந்தார்கள்.

கால் கட்டுவதை எதிர்த்துச் சீனச் சீர்திருத்தக்காரர்கள் சங்கம் வைத்தபோதும், சென்னை சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோதும் 'நம் கலாசாரத்தில் கைவைக்காதே' என்ற குரல்தான் எதிரே வந்தது. கலாசாரம் என்றால் யாருடைய கலாசாரம்? கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு வெளியிலிருந்து வந்த காற்று மூச்சுவிட உதவியது. அதையும் சேர்த்துத்தான் மேற்கின் தாக்கத்தைப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் பெண் என் பாட்டி, படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். மேற்கு வந்ததால் எல்லாம் கெட்டது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#5 ஜூரோங்காரன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சீனரும் தமிழரும் ஒரே மாடியில் குடியிருக்கிறோம், ஒரே காப்பிக்கடையில் உட்கார்கிறோம், அதனால் நேராகப் பார்க்கிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதே ஆங்கிலத்தில்தான். 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. சீனப் பல்கலைக்கழகமான நான்யாங் 1980இல் இன்னொன்றோடு இணைக்கப்பட்டுக் காணாமல் போனது, தமிழ்ப் பள்ளிகளும் அந்தக் காலத்தோடு முடிந்தன. சீனம் படித்த பழைய தலைமுறைக்கு அந்த ஆறாத வருத்தம் இன்னும் இருக்கிறது. என் மாடியில் இருக்கும் பெரியவரோடு அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், நம் ஆட்கள் தமிழ்ப் பள்ளியை நினைத்துப் பேசுகிற அதே குரல்தான்.

இன்னொன்று. வாடகை விளம்பரங்களில் இந்தியருக்கும் சீன நாட்டவருக்கும் வீடு இல்லை என்று ஒரே வரியில் போடுவதை இங்கே பலரும் பார்த்திருப்பார்கள். போடுகிறவர்களில் சிங்கப்பூர்ச் சீனர்களும் உண்டு. சீனாவிலிருந்து புதிதாக வந்த சீனரை அவர்கள் பார்க்கிற பார்வையும், ஊரிலிருந்து வரும் வேலையாளை இங்கே பிறந்த தமிழர் சிலர் பார்க்கிற பார்வையும் ஒன்றே. சீனர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், எந்தச் சீனர், எந்த 'நம்மை' என்று முதலில் கேட்க வேண்டும்.

#6 கீழவீதி கணேசன்

எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டாதீர்கள். 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் செத்தார்கள். அதற்குப் பிரிட்டிஷ்காரன் போட்ட கோடு ஒரு காரணம் என்றால் சரி, ஆனால் கல்லையும் ஆணி அடித்த கட்டையையும் தூக்கியது அவன் இல்லை. நம் அரசு டிக்டாக்கைத் தடைசெய்தது, அவர்கள் கூகுள், பேஸ்புக்கையெல்லாம் அதற்கு வெகு முன்னாலேயே மூடிவிட்டார்கள். 2023இல் இரண்டு அரசுகளும் மாறி மாறி அடுத்த நாட்டு நிருபர்களுக்கு விசா இல்லை என்று வெளியேற்றின. சொந்த நிருபர் இல்லாதபோது பிறகு ஆங்கில ஏஜென்சி செய்தியைத்தானே எடுத்துப் போடுவீர்கள்? கண்ணாடியை மேற்கு விற்றது என்றால் சொந்தக் கண்ணை மூடிக்கொண்டது நாம்தான்.

2021 மே மாதம் நம் ஊரில் ஆக்சிஜன் இல்லாமல் ஜனம் செத்துக்கொண்டிருந்தபோது, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் சட்ட ஒழுங்கு ஆணையத்தின் வெய்போ (சீனச் சமூக ஊடகம்) கணக்கு ஒன்று, சீன ராக்கெட் கிளம்பும் படத்தையும் நம் சுடுகாட்டுத் தீயையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டது. என் சித்தப்பா அந்த வாரம்தான் இறந்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

#7 வடகரை செழியன்

கணேசன் அண்ணே, உங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். அந்தப் பதிவைப் பார்த்து எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் அது நீக்கப்பட்டதற்குக் காரணம் சீனர்கள்தான். இது மனிதத்தன்மையா என்று அங்கேயே ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள், என் பேட்ச் சீன நண்பர் ஒருவர் வெட்கமாக இருக்கிறது என்று எனக்குத் தனியே எழுதினார். அதற்கு முந்தின வருடம் நம் நகரங்களில் மணிப்பூர், நாகாலாந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து கொரோனா என்று கத்தி வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் நம் ஆட்கள். நாம் அதை மறக்காமல் இருந்தால்தான் இதைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

டீச்சர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அதற்கு மேல் ஒரு விஷயம் சேர்க்கிறேன், என் தொழில் சம்பந்தப்பட்டது. இரண்டு நாடுகளும் மேற்கிடம் வாங்கியிருக்கின்றன, வாங்கிய விதம் வேறு.

சீன மருத்துவமனையில் வார்டு ரவுண்ட்ஸ் போகும்போது நான் தினமும் பார்த்தது இது. பேராசிரியர், நர்ஸ், நோயாளி மூவரும் பேசுவது சீனத்தில். கேஸ் ஷீட் சீனத்தில். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் மகன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, கிரியேட்டினின் போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதே, ஏன் இந்த மருந்தை நிறுத்தவில்லை என்று கேட்பார். கட்டட வேலை செய்கிறவர். டாக்டர் நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மருத்துவம் முழுக்க மேற்கத்திய மருத்துவம், அதில் சந்தேகமே இல்லை. எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் ஆங்கிலத்தில் தனி வகுப்பு, அதனால் நோயாளியிடம் போனால் நாங்கள்தான் வாயில்லாமல் நிற்போம், எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை முடித்தும். இங்கே வந்தால் நிலைமை தலைகீழ். நோயாளிக்கு நாலு பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் கொடுக்கிறோம். அந்த அம்மா அதை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது வருமா என்று பார்க்கிறார்.

இது விதி ஒன்றும் இல்லை. 1851இல் குவாங்சோவில் ஹாப்சன் என்ற மிஷனரி டாக்டர் சீன உதவியாளரோடு சேர்ந்து உடற்கூற்றியல் நூலைச் சீனத்தில் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, முப்பது பேருக்கு மேல் டாக்டராக்கினார். தொடக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே ஆட்சி மொழியும் பள்ளி மொழியும் சீனமாகவே இருந்ததால் அந்த வேலை தொடர்ந்தது, ஜப்பான் வழியாகக் கலைச்சொற்கள் வந்து குவிந்தன. இங்கே உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தது, படிப்பும் ஆங்கிலத்துக்கே போய்விட்டது. மேற்கிடம் வாங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. வாங்கியது ஊர்ச் சொத்தாகிறதா, ஒரு சாரார் பெட்டிக்குள் பூட்டப்படுகிறதா என்பதுதான் என் கவலை.

#8 தறிக்கார ராஜா

செழியன், ஆங்கிலம் இருந்ததால்தான் என் மகன் போன்றவர்கள் ஐடி வேலைக்குப் போனார்கள். தமிழில் படித்த நான் தறியோடு நிற்கிறேன். சீனாவிலும் காவ்காவில் 750க்கு 150 மதிப்பெண் ஆங்கிலத்துக்குத்தானே? வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

#9 வடகரை செழியன்

ராஜா அண்ணே, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீனத்தில் படித்தவர் தறியோடு நிற்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கோட்டை விட்ட சீன மாணவர்கூட டாக்டராக, இன்ஜினியராக முடிகிறது. நீங்கள் தமிழில் படித்ததால் நின்றீர்கள் என்றால் குறை தமிழிலும் இல்லை, உங்களிடமும் இல்லை.

#10 அடுப்பங்கரை

குறுக்கே ஒரு சின்ன விஷயம். சீனாவுக்கு யோகாவைப் பெருவாரியாகக் கொண்டுபோனது 1985இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நிகழ்ச்சி. சொல்லிக்கொடுத்தவர் ஹாங்காங்கில் பிறந்து ஹவாயில் வாழ்ந்த சாங் ஹுய்லான். 2016இல் பத்மஸ்ரீ வாங்கியவர். இமயமலைக்கு அந்தப் பக்கம் போக யோகா ஹவாய் சுற்றிப் போயிருக்கிறது. செழியன் கேட்டதற்கு இதுவும் ஒரு பதில்.

#11 நேயர் மன்றத்துப் பிள்ளை

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். சீன வானொலி தமிழ்ப் பிரிவு. 1963 ஆகஸ்டில் தொடங்கியது, 1962 இந்திய சீனப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள், ஒரு ஆங்கிலச் சொல் கலக்காத தமிழ். எங்கள் ஊரில் அப்பாவும் நண்பர்களும் நேயர் மன்றம் வைத்திருந்தார்கள். சாயங்காலம் சிற்றலையைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே பிடிப்பார்கள். அப்பா எழுதிய கடிதங்களில் அரசியலே இருக்காது. உங்கள் பக்கம் நெல் எத்தனை போகம், நாற்றை எத்தனை நாளில் பிடுங்குகிறீர்கள், புகையான் பூச்சிக்கு என்ன மருந்து. பதில் வரும், பட அட்டையும் நாள்காட்டியும் வரும். அப்பா ஆங்கிலம் படித்தவர் இல்லை. சீனாவைப் பற்றி அவருக்குத் தெரிந்த அத்தனையும் தமிழ் வழியாகவே தெரிந்தது.

#12 கீழவீதி கணேசன்

அது அரசாங்க வானொலி தம்பி. அவர்கள் அரசுக்குப் பிடிக்காத ஒரு வரி அதில் வந்திருக்குமா?

#13 நேயர் மன்றத்துப் பிள்ளை

வந்திருக்காது அண்ணே. அப்பாவுக்கும் அது தெரியும். எல்லைச் செய்தி வரும்போது ஒலியைக் குறைத்துவிட்டுப் பாட்டு வரும்போது கூட்டுவார். பிபிசி தமிழோசையும் கேட்பார், மாஸ்கோவும் கேட்பார், மறுநாள் டீக்கடையில் மூன்றையும் ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

#14 ஏட்டுச்சுவடி

கணேசன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நழுவவிடக் கூடாது. மேற்கைச் சாட்டாமல் நாமே செய்தது என்று ஒன்று உண்டு, பேசவே மாட்டோம். 1962 போரின்போது இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக இருந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை, அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்து ரயிலேற்றி, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தோம். ஏறக்குறைய 3000 பேர். குழந்தைகள், கிழவர்கள், அஸ்ஸாமியத் தாய்மார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 1967இல். வந்து பார்த்தால் வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இந்திய அரசிடம் கேட்பது ஒரு மன்னிப்பு. அது இன்னும் வரவில்லை. கோபி மஞ்சூரியனை நம் தெருவுக்குக் கொண்டுவந்த இந்தோ சீனச் சமையலே கல்கத்தாவின் ஹக்கா சீனர்கள் தொடங்கிவைத்ததுதான்.

#15 மேட்டுத்தெரு டீச்சர்

இது எனக்குப் புதிது. ஏட்டுச்சுவடி, தேவ்லி பற்றித் தனி இழை தொடங்குங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாம்போல் இருக்கிறது, சான்யுவான்லி மழையையும் சேர்த்து. அந்தச் சிப்பாய்கள் எந்த ஊர்களிலிருந்து போனார்கள் என்று தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த மாதம் சென்னை வருகிறேன்.

#16 ஏட்டுச்சுவடி

தொடங்குகிறேன் டீச்சர். காப்பகத்தில் ராணுவத்துறைக் கோப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆய்வாளர் அனுமதிக்கு விண்ணப்பம் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், அடையாள அட்டை நகல் வேண்டும்.